நாகப்பட்டினத்துக்கு ராஜுலா வராம போனது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

எங்க அப்பாயி 1951-ல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனாங்க. வயசு 19, இடுப்புல எட்டு மாசக் குழந்தை, அதாவது எங்க பெரியப்பா. தாத்தா அதுக்கு முன்னாடியே இங்க சிங்கப்பூருக்கு வந்து துறைமுகத்துல வேலை பாத்துட்டு தஞ்சோங் பகார்ல நாலு பேரோட ஒரே அறையில தங்கியிருந்தாரு. அப்பாயி திருவாரூர் பக்கத்துக் கிராமத்துல இருந்து ரயில்ல நாகை வந்து, மொத நாளே நாகூர் போயி புள்ளைக்கு மொட்டை போட்டு, "நல்லபடியா கொண்டுபோய் சேத்துடு ஆண்டவரே"ன்னு நேந்துகிட்டு, மறுநாள் காலையில படகுல ஏறியிருக்காங்க. படகுன்னா கப்பல் வரைக்கும் போற படகு. ஏன்னா ராஜுலா கப்பல் கரையில நிக்காது. கப்பல் வந்து ஒட்டி நிக்கிற மாதிரி ஒரு தளம் அங்க எப்பவுமே இருந்ததில்ல, கப்பல் கடலுக்குள்ள தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், ஆளு, பெட்டி, வெங்காய மூட்டை எல்லாமே படகுலதான் போகும்.

அந்த ஏறுன கதையை அப்பாயி சாகுற வரைக்கும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க, ஒரு வார்த்தை மாறாது. "ரெண்டு அலையை விட்டுட்டான்டி அந்தப் படகுக்காரன். மூணாவது அலை படகைத் தூக்குச்சு பாரு, அப்பதான் புள்ளையை மேல நீட்டுனான். ஏணியில நின்னவன் வாங்கிக்கிட்டான். அடுத்த நொடி படகு கீழ போயிருச்சு. புள்ள மேல, நான் கீழ."

இதுல இருந்துதான் என்னோட கேள்வியே ஆரம்பிச்சுது. 1926-ல கிளாஸ்கோவுல கட்டுன கப்பல் ராஜுலா, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடது, ஆரம்பத்துல டெக் பாசஞ்சர், அதாவது திறந்த தளத்துல பாய் விரிச்சு வர்றவங்க, மட்டும் 5000 பேருக்கு மேல ஏத்திக்க அதுக்கு அனுமதி இருந்துச்சு. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு ஏறக்குறைய 47 வருஷம் அந்த வழியில ஓடுச்சு, நடுவுல போர்க் காலத்துல மட்டும் ராணுவ வேலைக்குப் போயிருச்சு. இவ்ளோ பெரிய கப்பல் ஒரு தளம் கூட இல்லாத ஊர்ல நின்னு நின்னு போயிருக்கு, அப்புறம் ஒரு நாள் வரல. ஆயிரம் வருஷமா கப்பல் வந்த ஊருக்கு கப்பல் வராம போறதுன்னா அது சின்ன விஷயமா? ஊர்ல கேட்டா ஒருத்தர் கடல் மண்ணு தூந்துபோச்சும்பாரு, இன்னொருத்தர் பிளேன் வந்துருச்சும்பாரு, சின்ன வயசுக்காரங்க சுனாமியோட எல்லாம் போச்சும்பாங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாம்.

மொதல்ல சுனாமி. 2004 டிசம்பர் 26-ல நாகை மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல செத்தாங்க, தமிழ்நாட்டுலயே அதிகம் அங்கதான், அக்கரைப்பேட்டை கீச்சாங்குப்பம் மாதிரி மீனவர் ஊரெல்லாம் நிலைகுலைஞ்சு போச்சு. அந்த துக்கத்தைப் பத்தி எழுத இது இடம் இல்ல. ஆனா வருஷக் கணக்கு தெளிவா இருக்கு, ராஜுலா நின்னது 1973, சுனாமி அதுக்கு 31 வருஷம் கழிச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. சமீபத்துல நடந்த பெரிய கஷ்டம் பழைய கஷ்டத்தையெல்லாம் மூடிடுது, ஊர் ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யுது.

கடல் ஆழம் இல்லங்கிற வாதம்

இதை கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா இதுல பாதி உண்மை இருக்கு.

கடுவையாறு கடல்ல சேர்ற இடத்துல மண்மேடு விழும், பெரிய கப்பல் உள்ள வர முடியாது. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து அடிக்கிறப்ப திறந்த கடல்ல நங்கூரம் போட்டு நிக்கிறதே கஷ்டம். எல்லாம் சரி. ஆனா இது என்ன 1973-ல புதுசா வந்த பிரச்சினையா? இந்த ஊரோட மொத்த சரித்திரமும் இதே ஆழமில்லாத கரையிலதான் நடந்திருக்கு.

ராஜராஜ சோழன் காலத்துல, 1006 வாக்குல, ஸ்ரீவிஜய ராஜா மாறவிஜயோத்துங்கவர்மன் இங்க சூடாமணி விகாரம் கட்டுனாரு, அதாவது இன்னிக்கு சுமத்ரா, மலாய் பக்கம்னு நாம சொல்ற இடத்து ராஜா நாகையில ஒரு புத்த விகாரம் கட்டியிருக்காரு, சோழ ராஜா அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்தையே தானமா விட்டாரு, அந்தச் செப்பேடுகள் பின்னால ஹாலந்துல லெய்டன் ஊருக்குப் போயி லெய்டன் செப்பேடுன்னே பேராயிருச்சு. 1025-ல ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்து மேல படையெடுத்து கடாரம் வரைக்கும் போனான், அது வேற கதை, ஆனா சண்டைக்கு அப்புறமும் விகாரம் இருந்துச்சு, 1090-ல குலோத்துங்கன் காலத்துலயும் அதுக்கு சலுகை கொடுத்திருக்காங்க. யாவாரம் அப்படித்தான், ராஜாங்க சண்டை ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி ஒண்ணு இருக்கு. வாங் டாயுவான்னு ஒரு சீன யாத்திரிகர், 14ஆம் நூற்றாண்டுல கப்பல்ல ஊர் ஊரா சுத்தி எழுதி வச்சாரு. அவர் எழுதுனதுலதான் டான்மாசி, அதாவது நம்ம துமாசிக், சிங்கப்பூரோட பழைய பேரு, அதைப் பத்தி நேர்ல பாத்த மாதிரி வர்ணனை கிடைக்குது, சிங்கப்பூர்ல பள்ளிக்கூடப் புள்ளைங்க கூட அவரு பேரைப் படிக்குதுங்க. அதே மனுசன், அதே எழுத்துல, ஒரு செங்கல் கோபுரத்தைப் பத்தி சொல்றாரு, அதுல 1267-ல வேலை முடிஞ்சதா சீன எழுத்து இருந்துச்சாம். அந்த இடம் நாகப்பட்டினம்னுதான் ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றாங்க. ஒரே ஆளு எழுத்துல நம்ம ரெண்டு ஊரும் 700 வருஷத்துக்கு முன்னாடியே இருக்கு. இதை மொதல்ல படிச்சப்ப நான் ராத்திரி ரொம்ப நேரம் தூங்கல.

விகாரத்து இடத்துல மிஞ்சி நின்ன பழைய கோபுரம் ஒண்ணு, புதுவெளிக் கோபுரம்னு சொல்வாங்க, சீனக் கோபுரம்னும் சொல்வாங்க, 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் கடல்ல வர்றவங்களுக்கு அடையாளமா இருந்துச்சு. 1867-ல அதை இடிச்சுட்டாங்க. பக்கத்துல இருந்த பாதிரிமார்கள் அனுமதி கேட்டாங்க, அரசாங்கம் கொடுத்துச்சு. அந்த மண்ணுல இருந்து 1856 தொடங்கி 300-க்கு மேல புத்தர் வெண்கலச் சிலைங்க கிடைச்சிருக்கு, நிறைய சென்னை மியூசியத்துல இருக்கு. கோபுரம் மட்டும் இல்ல. எனக்கு இதுல ஆத்தாமை அதிகம், இதோட நிறுத்திக்கிறேன்.

அப்புறம் போர்ச்சுகீசியர், 1658-ல இருந்து டச்சுக்காரங்க, 1690-ல பழவேற்காட்டுல இருந்த தலைமையிடத்தையே அவங்க நாகைக்கு மாத்துனாங்க, 1781-ல இங்கிலீஷ்காரன் பிடிச்சான். இந்தக் காலம் பூரா நாகூர், நாகை மரைக்காயர்கள் சொந்தக் கப்பல்ல துணி ஏத்திட்டு அச்சே, கெடா, பினாங்கு போயி பாக்கும் வெள்ளீயமும் ஏத்திட்டு வந்தாங்க. இவங்க யாருக்கும் ஆழமான துறைமுகம் இருந்ததில்ல. எல்லாருமே படகுலதான் சரக்கை ஏத்தி இறக்குனாங்க. அதனால ஆழம் இல்லங்கிறது ஊரோட குணம். அதை நோய்னு சொல்ல முடியாது. நோய்னா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஊரு போயிருக்கணும்.

பாதி உண்மைன்னு ஏன் சொன்னேன்னா, நீராவிக் கப்பல் வந்ததுக்கு அப்புறம் நேரத்துக்கு விலை வந்துருச்சு. பாய்மரக் கப்பல் காத்துக்குக் காத்திருக்கும், நீராவிக் கப்பல் காத்திருந்தா கம்பெனிக்கு நட்டம். படகுல ஆளு ஏத்துற ஊரு அப்படிப்பட்ட கப்பலுக்கு பாரம்தான், அதை மறுக்கல. ஆனாலும் அந்த பாரத்தைச் சுமந்துகிட்டு 1926-ல இருந்து 1973 வரைக்கும் ராஜுலா வந்துச்சே, மெட்ராஸ்ல 19ஆம் நூற்றாண்டுலயே செயற்கைத் துறைமுகம் கட்டியாச்சு, எல்லாரையும் அங்கயே ஏத்திட்டு நேரா பினாங்கு போயிருக்கலாமே, ஏன் போகல?

ஏன்னா ஆளு நாகையில இருந்தாங்க. இதுதான் இந்த கேஸோட நடுமுடிச்சு.

கரையில காத்திருந்த ஆளுங்க

1861-ல தஞ்சாவூர் வரைக்கும், அடுத்து திருச்சி வரைக்கும்னு நாகையில இருந்து ரயில் போட்டாங்க. தென்னிந்தியாவுல ரொம்ப சீக்கிரமா போட்ட ரயில் பாதைகள்ல இதுவும் ஒண்ணு. காவிரிப் படுகை பூராவும், அதுக்கு மேல திருச்சி பக்கமும், வறட்சி வந்தாலும் கடன் வந்தாலும் கீழ்ச்சாதின்னு அடி விழுந்தாலும் ரயில் ஏறுனா நாகையில வந்து நிக்கும், அங்க இருந்து கப்பல். மலாயா ரப்பர் தோட்டத்துக்கு கங்காணிங்க கூட்டிட்டுப் போன ஆளுங்களுக்கு ரெண்டு இடத்துல டிப்போ இருந்துச்சு, ஒண்ணு மெட்ராஸ் பக்கம் ஆவடி, இன்னொண்ணு நாகப்பட்டினம். டிப்போவுல வச்சு அம்மை குத்தி, பேரு எழுதி, கப்பல் வர்ற வரைக்கும் சோறு போடுவாங்க. இவங்க தவிர சொந்தக் காசுல டிக்கெட் எடுத்துப் போறவங்க, கடைக்காரங்க, வட்டித்தொழில் செட்டியார் கடைப் பையன்கள், பள்ளிவாசல் லெப்பைங்க, தவில்காரங்க, சமையல்காரங்க.

இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, போனவங்க திரும்பி வந்தாங்க. மூணு வருஷம் இருந்துட்டு வர்றது, கல்யாணத்துக்கு வர்றது, வாப்பா மவுத்தாகிட்டாருன்னு வர்றது, மறுபடி போறது. கப்பல் ரெண்டு பக்கமும் கூட்டத்தோட போச்சு. நாகை கடைத்தெரு சாப்பிட்டது இந்தப் போக்குவரத்தைத்தான், துறைமுகக் கட்டணத்தை இல்ல. சத்திரம், வண்டிக்காரர், படகுக்காரர், டிரங்குப் பெட்டி செய்யிறவர், அம்மை குத்துற கம்பவுண்டர், நாகூர் தர்காவுல சக்கரை விக்கிறவர் வரைக்கும் எல்லாரும் போறவனையும் வர்றவனையும் நம்பி இருந்தாங்க. எங்க அப்பாயி சொல்லுவாங்க, நாகை ஸ்டேஷன்ல ஒரு ஆளு இறங்குனா போறவனா வந்தவனான்னு பெட்டியைப் பாத்தே கண்டுபிடிச்சுருவாங்களாம், போறவன் பெட்டி ஒருத்தர் தூக்குறது, வந்தவன் பெட்டி ரெண்டு பேரு.

இந்த ரெண்டு வழிப் பயணத்துக்கு சிங்கப்பூர் முனையில என்ன இருந்துச்சுன்னு நம்மள்ல நிறைய பேருக்கு தெரியும், ஆனா சேத்து யோசிக்கிறதில்ல. தெலுக் ஆயர் தெருவுல இருக்கிற நாகூர் தர்கா. 1827-ல காதர்பிள்ளைங்கிறவருக்கு அந்த நிலத்தைக் கொடுத்தாங்க, வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாதுன்னு நிபந்தனையோட. 1828-ல இருந்து 1830-க்குள்ள கட்டி முடிச்சாங்க. அப்ப தெலுக் ஆயர்ங்கிறதே கடற்கரை, படகுல இருந்து இறங்கி நடந்தா தர்கா. நாகூர்ல அடங்கியிருக்கிற சாகுல் ஹமீது ஆண்டவர் நினைவா இங்க ஒண்ணு, பினாங்குல சூலியா தெருவுல ஒண்ணு. ஓட்டை விழுந்த கப்பலை ஆண்டவர் கண்ணாடியை எறிஞ்சு அடைச்சு காப்பாத்துனாருன்னு ஒரு ஐதீகம் உண்டு, அதனால கடல் பயணம் போற எல்லா சாதி சனமும் அவருக்கு நேந்துக்கும். நாகூர்ல இருக்கிற அஞ்சு மினாராவுல பெரிசு 131 அடி, அதைக் கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங். அப்பாயி இங்க வந்து இறங்குன மொத வேலையா, செயின்ட் ஜான்ஸ் தீவுல குவாரண்டைன்ல இருந்து விட்டதுக்கு அப்புறம், தாத்தாவைக் கூட்டிட்டு தெலுக் ஆயர் போயி பாத்தியா ஓதி சக்கரை வாங்கிக் குடுத்து நேர்த்திக்கடனை முடிச்சிருக்காங்க. அங்க நேந்தது, இங்க முடிச்சது. ஒரு பயணத்தோட ரெண்டு நுனி.

தெலுக் ஆயர்ல கடலை மண்ணு போட்டுத் தூர்க்க ஆரம்பிச்சது 1879-ல. அப்பாயி வந்த காலத்துலயே அங்க இருந்து கடல் தெரியாது. இன்னிக்கு எம்ஆர்டி ரயில்ல இருந்து இறங்கி தர்காவுக்குப் போனா சுத்தி உசரக் கட்டடம்தான், முகப்புல அந்த சின்னச் சின்ன பலகணி வச்ச மேல்சுவரும் மூலையில அடுக்கடுக்கா நிக்கிற மினாராவும் மட்டும் பழசு. 1974-ல தேசிய நினைவுச்சின்னம் ஆக்குனாங்க, 2011-ல இருந்து இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமா இருக்கு.

எப்ப அறுந்துச்சு

இப்ப வருஷங்களை வரிசையா வச்சுப் பாத்தா கதை மாறுது.

1938-ல இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவியோட கூலியாட்கள் போறதைத் தடை பண்ணுச்சு, தோட்டத்துல கூலியைக் குறைச்சதுதான் பின்னணி. டிப்போ வழியா போன கூட்டம் அதோட நின்னுச்சு. அடுத்து போர். 1941 கடைசியில இருந்து 1945 வரைக்கும் இந்தப் பக்கம் ஜப்பான்காரன், அந்தப் பக்கம் பிரிட்டிஷ், நடுவுல கப்பலே கிடையாது, கடுதாசி கிடையாது, புருசன் உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாம நாலு வருஷம் இருந்த பொம்பளைங்க தஞ்சாவூர் ஜில்லா பூரா இருந்தாங்க. போர் முடிஞ்சு கப்பல் மறுபடி ஓட ஆரம்பிச்சப்ப கூட்டம் அள்ளுச்சு, அதுல குடும்பத்தைக் கூட்டிட்டு வந்தவங்க அதிகம், எங்க அப்பாயி அந்த அலையில வந்தவங்கதான். அதாவது 1938 தடையும் போரும் சேந்து கூட நாகையைக் கொல்லல. அடி பட்டு எந்திரிச்சுருச்சு.

1953 ஆகஸ்ட் 1. என் கணக்குல இந்தத் தேதிதான். சிங்கப்பூர்லயும் மலாயாவுலயும் புது குடிநுழைவுச் சட்டம் அன்னிக்குத்தான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் ராஜ்யத்துக்குள்ள இங்க இருந்து அங்க போறவன் மாதிரி ஏறிப் போனவங்க, இப்ப என்ன வேலை, என்ன சம்பளம், யாரு கூப்பிட்டதுன்னு காட்டணும். சாதாரண கூலிக்கு வழி அடைஞ்சுச்சு. இங்க ஏற்கனவே இருக்கிறவங்க ஊருக்குப் போயிட்டு வரணும்னா திரும்பி நுழைய பெர்மிட் வேணும்.

இதுல ரெண்டாவது விஷயம்தான் நாகையை அறுத்துச்சுன்னு நான் நினைக்கிறேன். புதுசா வர்றவங்க குறைஞ்சது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஏற்கனவே இருந்தவங்க போகவே பயந்தாங்கங்கிறது யாரு கணக்குலயும் வரல. எங்க தாத்தாவோட அம்மா 1958-ல செத்தாங்க. தந்தி வந்துச்சு. தாத்தா பெட்டியைக் கட்டிட்டாரு, அப்புறம் பெட்டியைப் பிரிச்சுட்டாரு. பெர்மிட்ல ஏதோ தேதி சரியில்ல, போனா திரும்ப விடமாட்டாங்கன்னு கூட வேலை பாத்தவங்க சொன்னாங்க, வீட்டுல மூணு புள்ளைங்க. அவரு போகல. தெலுக் ஆயர் போயி உக்காந்துட்டு வந்தாருன்னு அப்பாயி சொல்லுவாங்க, இந்து ஆளு, அம்மாவுக்கு காரியம் பண்ண வேண்டியவரு, தர்காவுல போயி உக்காந்திருக்காரு, ஏன்னா ஊருக்குப் பக்கமா அவருக்கு இங்க தெரிஞ்ச இடம் அதுதான்.

அப்படிப் பிரிச்ச பெட்டி எத்தனை இருக்கும்? ஒவ்வொரு பெட்டியும் நாகையில இறங்காத ஒரு பயணி. சத்திரத்துல தங்காத ஒரு ராத்திரி, படகுக்காரருக்கு வராத ஒரு கூலி.

1957-ல சிங்கப்பூர் குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. இந்தியாவுல ரெட்டைக் குடியுரிமை கிடையாது. ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். தேர்ந்தெடுத்தவங்க இங்கயே வேர் விட்டாங்க, வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, வந்துச்சு, புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சு. 1965-ல நாடு தனியாச்சு, அடுத்த வருஷத்துல இருந்து குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு ஆச்சு, மலேசியாவுலயும் 1969 வாக்குல அதே கதை, வேலை போயி தோட்டத்துல இருந்து நிறைய பேரு இந்தியா திரும்புனாங்க. பிரிட்டிஷ் ராணுவம் 1971-ல தளங்களை காலி பண்ணப்போ செம்பவாங் பேஸ்ல வேலை பாத்தவங்க பல பேரு பணிக்கொடையை வாங்கிட்டு மூட்டை கட்டுனாங்க. அந்தக் கடைசி வருஷங்கள்ல கப்பல்ல போனவங்கள்ல நிறைய பேரு திரும்பி வராத பயணிங்க. ரெண்டு வழிப் பயணம் ஒரு வழிப் பயணமா மாறுன அப்புறம் ஒரு கப்பல் கம்பெனி எத்தனை வருஷம் தாங்கும்? 1973-ல ராஜுலாவை இந்தியக் கப்பல் கழகத்துக்கு வித்தாங்க, ரங்கத்னு பேரு மாத்துனாங்க, கொஞ்ச காலத்துல உடைக்கிறதுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் சிதம்பரம் கப்பல் வந்துச்சு, 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு பல உசுரு போச்சு, அதோட இந்தியா சிங்கப்பூர் பயணக் கப்பல்ங்கிறதே முடிஞ்சுது.

இப்ப பிளேன் வாதத்தை எடுத்துக்கலாம். பிளேன் வந்ததாலதான் கப்பல் போச்சுங்கிறது முழு பதில் இல்ல. டெக்ல பாய் விரிச்சு வந்தவங்க 1960-கள்ல பிளேனுக்கு மாறல, மாற காசும் இல்ல. அவங்க பயணத்தையே விட்டுட்டாங்க. பிளேன் எடுத்துக்கிட்டது அதுக்கு அப்புறம் வந்த பயணத்தை.

எனக்கு எதிரா ஒரு நியாயமான கேள்வி வரும். ஆளு போகட்டும், சரக்கு இருந்துச்சே, வெங்காயம், புகையிலை, துணி, அதை வச்சு துறைமுகம் பொழைச்சிருக்கலாமேன்னு. இங்கதான் ஆழமில்லாத கரை உண்மையிலேயே கழுத்தை நெரிச்சுச்சு. ஆளு படகுல ஏறி ஏணியில ஏறிடுவான். பெட்டகக் கப்பல், அதாவது கன்டெய்னர் கப்பல், காலத்துல சரக்கு அப்படி ஏறாது, கிரேன் வேணும், தளம் வேணும், ஆழம் வேணும், அதெல்லாம் சென்னையிலயும் தூத்துக்குடியிலயும் இருந்துச்சு. ஆளு இருந்த வரைக்கும் கரையோட குறை பெரிசா தெரியல, ஆளு போனதும் குறை மட்டும் மிஞ்சுச்சு. ஊருக்கு வேற ஊன்றுகோலும் இல்ல. 1799-ல இருந்து 1845 வரைக்கும் தஞ்சாவூர் ஜில்லாவோட தலைமையிடம் நாகை, அது போயாச்சு. இன்னிக்கு திருச்சியில இருக்கிற செயின்ட் ஜோசப் காலேஜ் 1844-ல நாகையில ஆரம்பிச்சதுதான், 1883-ல திருச்சி போயிருச்சு. ரயில்வே ஒர்க்ஷாப் நாகையில இருந்துச்சு, அதுவும் 1920-களோட கடைசியில திருச்சி பொன்மலைக்குப் போயிருச்சு. ஒவ்வொரு தடவையும் திருச்சிதான் வாங்கிக்கிச்சு.

கடைசியில துறைமுகத்தையும் திருச்சிதான் வாங்கிக்கிச்சுன்னு சொல்லணும். இன்னிக்கு படுகை மாவட்டங்கள்ல இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வர்ற பசங்க, மூணு வருஷம் இருந்துட்டு கல்யாணத்துக்குப் போயி திரும்பி வர்றவங்க, அப்பா செத்துட்டாருன்னு ராத்திரியோட ராத்திரியா டிக்கெட் எடுக்கிறவங்க, நிறைய பேரு ஏறி இறங்குறது திருச்சி விமான நிலையத்துலதான். கடல்ல இருந்து ரொம்ப தூரம் உள்ள. அந்த பழைய போக்குவரத்து செத்துப் போகல, நடுவுல ஒரு தலைமுறை தூங்கிட்டு வேலை பெர்மிட் காலத்துல மறுபடி எந்திரிச்சுருச்சு, ஆனா எந்திரிச்சப்போ நாகை பக்கம் வரல. சாங்கி விமான நிலையத்துல திருச்சி விமானத்துக்கு நிக்கிற வரிசையைப் பாத்தா டிவி பெட்டி, கம்பளி, சாக்லேட் டப்பான்னு வந்தவன் பெட்டிக்கு ரெண்டு பேரு இன்னும் வேணும்.

நாகையில கப்பல் மிச்சம் இல்லாம இல்ல. நாகூர் கந்தூரிக்கு கொடி நாகையில இருந்து ஊர்வலமா போறப்ப கப்பல் மாதிரி செஞ்ச ரதங்களை இழுத்துட்டுப் போவாங்க, தெரு பூரா சனம், விளக்கு, பாய்மரம் எல்லாம் வச்சு. 2023 அக்டோபர் 14-ல காங்கேசன்துறைக்கு பயணப் படகு சேவை ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள் ஓடி நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி விட்டாங்க. யாழ்ப்பாணம் பக்கம் போற அந்த வழியும் பழைய வழிதான். அது நல்லா ஓடணும்னு எனக்கு மனசார ஆசை, சிங்கப்பூர் கப்பல் திரும்ப வரும்னு நான் நம்பல.

இந்த ஆய்வுல ஒரு பக்கம் காலியா இருக்கு, அது என் குறை. சட்டம், தேதி, கப்பல் எல்லாம் இங்க உக்காந்தே தேடிட்டேன், பயணிங்க பக்கம் அப்பாயி இருந்தாங்க. படகுக்காரங்க பக்கம் யாருகிட்டயும் நான் பேசல. அக்கரைப்பேட்டையிலயோ கீச்சாங்குப்பத்துலயோ அப்பா தாத்தா அந்த வேலை பாத்த வீடுங்க இருக்கும், சுனாமியில தப்பிச்ச வீடுங்கள்ல யாராவது வயசானவங்க இருப்பாங்க. வர்ற தை மாசம் போறப்ப பெரியப்பாவையும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், அவருக்கு இப்ப 70 தாண்டியாச்சு, முட்டி வலி, இருந்தாலும் வர்றேன்னுட்டாரு. ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும் அவங்ககிட்ட. மூணாவது அலைதான் தூக்கும்னு எப்படித் தெரியும்?